நடுவில் மட்டும் பச்சை

இருட்டைப் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று அவள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் தாள் போர்த்திய பூக்கூடாரத்தில் வேலை பார்த்த மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் அவளுக்கு இருட்டம்மா என்று பெயர் வைத்தார்கள். வைத்தபோது அது கேலி. பதினோரு வருடத்தில் கேலி உதிர்ந்துபோய் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வேலை இதுதான். செவ்வந்திச் செடிக்கு ராத்திரி நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். கோடையிலோ இருட்ட ஏழு மணி ஆகிவிடும். விட்டால் இலை இலையாகத் தழைத்து ஆள் உயரத்துக்கு வளருமே தவிர பூ என்ற பேச்சையே எடுக்காது. ஆகவே அதை ஏமாற்ற வேண்டும். வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, சரியாக ஐந்து மணிக்கு, கூடாரத்துக்குள் நாலு பக்கமும் தலைக்கு மேலேயும் கறுப்புத் துணியை இழுத்து மூடிவிட வேண்டும். ஓரங்களை இருநூற்றுப் பன்னிரண்டு கிளிப் போட்டுக் கவ்வ வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்குத் திறக்க வேண்டும். இடையில் உள்ள பதினாலு மணி நேரமும் இருட்டு கலையக் கூடாது. நடுவில் வெளிச்சம் காட்டினால் செடி ஒரு பெரிய ராத்திரியை இரண்டு குட்டி ராத்திரியாக எடுத்துக்கொள்ளும், மொட்டை மறந்துவிடும். "தூங்கற குழந்தையை எழுப்பி உக்கார வெச்சுட்டு, விட்ட இடத்துலேருந்து தூங்குன்னா தூங்குமா?" என்று புதிதாக வருகிறவர்களிடம் கேட்பாள்.

துணி மூடியபின் உள்ளே இருப்பது சுகமான சமாச்சாரம் இல்லை. அக்குளுக்குள் நிற்பது மாதிரி புழுங்கும். ஈர இலை நாற்றம், மருந்து நாற்றம், காலடியில் நசுங்கும் நத்தை. அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. அருவருப்பு என்ற ஒன்றை அவள் மனிதர்களுக்காகச் சேமித்து வைத்திருந்தாள். அதிலும் பெரும் பங்கை ஒரே மனிதனுக்காக.

துணி கட்ட ஆரம்பித்த முப்பதாவது நாள் காலை அவள் கிளிப்புகளைக் கழற்றித் துணியைச் சுருட்டிவிட்டுத் திரும்பினாள். ஆறு பாத்தியிலும் செடிகள் வரிசையாக நின்றன. ஓரத்துச் செடிகளில் மிளகு அளவுக்கு மொட்டு கண்டிருந்தது. அடுத்த வரிசையிலும் இருந்தது. நடுப்பாதையை நெருங்க நெருங்க மொட்டு சிறுத்தது. நடுப்பாதையின் இரண்டு பக்கமும், சுமார் இருபது அடி வட்டத்துக்கு, ஒரு மொட்டுகூட இல்லை. கொழுத்த பச்சை. சோற்றைத் தின்றுவிட்டு வேலைக்கு டிமிக்கி கொடுத்த பயல்கள் மாதிரி தளதளவென்று நின்றன.

அவள் ஒவ்வொரு செடியின் நுனியையும் விரலால் பிரித்துப் பார்த்தாள். நூற்றைம்பது செடிக்கு மேல் பார்த்தபின்தான் விரலை எடுத்தாள்.

அன்றைக்கென்று முதலாளியம்மா பத்து மணிக்கே வந்துவிட்டாள். ஒரு பெரிய ஹோட்டல் திறப்பு விழாவுக்காக இந்தக் கூடாரம் முழுவதும் பேசி வைத்திருந்தது, தேதி சொல்லியாகிவிட்டது. அவள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நடுப்பாதையில் நடந்து வந்தாள். பச்சை வட்டத்துக்கு நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"இது என்ன?"

"மொட்டு வரலை மேடம்" என்றாள் இருட்டம்மா.

"அது தெரியுது. ஏன் வரலை?"

"வெளிச்சம் பட்டிருக்கு."

"இருட்டு யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதான் மேடம்."

அப்போதுதான் சூப்பர்வைசர் உள்ளே வந்தான். அவனுக்கு முன்னால் அவன் சென்ட் வந்தது. முப்பத்து நாலு வயது, வெள்ளைச் சட்டை, இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் நீளமாக வளர்த்த நகம். அந்த நகத்தால் காது குடைவான். குடைந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, என்னவோ முத்துக் கிடைத்த மாதிரி பார்ப்பான். பார்த்துவிட்டுப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அதே கையால் மொட்டைத் தொட்டு எண்ணுவான். தொண்டையைக் காறினால் மூன்று பாத்திக்கு அப்பால் கேட்கும். இருட்டம்மாவுக்கு அவனைப் பார்த்தாலே குமட்டும். ஆனால் எழுந்து நின்று, "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்ல வேண்டும். அவன் அவளுடைய ஒரே மகளின் புருஷன். நாலு வருடத்துக்கு முன் முதலாளியம்மாவின் கையைக் காலைப் பிடித்து இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அது.

அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

"துணி பழசாயிடுச்சு மேடம். எங்கேயாவது ஓட்டை கீட்டை இருக்கும். தேடிப் பார்த்தா கிடைக்கும்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதையாக இருந்தது அது. இருட்டம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் செடியைப் பார்த்தான்.

"துணியைப் போன ஞாயித்துக்கிழமைதான் மாப்பிள்ளை உள்ளங்கையால தடவிப் பார்த்தேன்" என்றாள். "ஊசி முனை ஓட்டைகூட இல்லை."

முதலாளியம்மாவுக்குக் குடும்பச் சண்டை கேட்க நேரமில்லை. "நாளைக்குள்ள எனக்கு விவரம் தெரியணும். துணி வேலை உன்னால முடியலைன்னா சொல்லிடு. மோட்டார் வெச்சு இழுக்க ஆள் வரச் சொல்றேன். நீ கழிவுக் குழிக்குப் போயிடு, அங்க ஆள் இல்லாம கிடக்கு."

கழிவுக் குழி கூடாரங்களுக்குப் பின்னால் இருந்தது. வெட்டிய தண்டு, நோய் கண்ட செடி, விற்காத பூ எல்லாம் அங்கேதான் போகும். செவ்வந்தித் தண்டு தண்ணீரில் அழுகினால் செத்த எலி தோற்றுவிடும். குழம்பாகிக் கறுத்து, மேலே நுரை கட்டி, நுரைக்குள் புழு நெளியும். அதைக் கிளறிவிட ஒரு ஆள் வேண்டும். கடைசியாக அங்கே வேலை பார்த்தவள் மத்தியானச் சாப்பாட்டை எல்லாரையும் விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். பக்கத்தில் உட்கார யாரும் இல்லை என்பதால். பதினோரு வருடம் சுத்தமான இருட்டைக் கட்டி ஆண்டவளுக்கு அந்தக் குழியைக் காட்டினால் எப்படி இருக்கும்?  

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபின் அவள் பச்சை வட்டத்துக்குள் போய் நின்றாள். துணியில் ஓட்டை இருந்தால் ஓட்டைக்குப் பக்கத்துச் செடிதான் முதலில் கெடும். இங்கே ஓரத்துச் செடியெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நடுவில் இருப்பது கெட்டிருக்கிறது. அப்படியானால் வெளிச்சம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறது. வட்டத்துக்கு நடு எதுவோ அங்கேதான் விளக்கு.

நடுவைக் காலால் அளந்து கண்டுபிடித்து நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய் போயிற்று. குழாய் முழுக்கத் தூசி அடைந்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அந்த இடத்தில் கம்பியை வளைத்து ஒரு கொக்கி மாட்டியிருந்தார்கள். கொக்கி புதிது.

விளக்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல நாள். இந்தக் கூடாரத்துக்கு இரண்டே சாவி. ஒன்று அவள் இடுப்பில் இருந்தது, தூங்கும்போதும். இன்னொன்று சூப்பர்வைசரிடம். சில நாள் காலையில் துணியைத் திறக்கும்போது சென்ட் வாடை அடித்ததும், சனியன் என் மூக்கிலேயே குடியேறிவிட்டான் என்று தன்னையே திட்டிக்கொண்டதும் இப்போது ஞாபகம் வந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. எதற்கு வந்தான்? ஃபோன் பார்க்கவா, குடிக்கவா, வேறு எந்த அசிங்கத்துக்கா? அவன் நகத்தையும் அவன் தனியாக இருந்திருக்கும் அந்த இருட்டையும் சேர்த்து நினைத்தபோது, நினைப்பதற்கே வாய் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது.

மேற்குப் பக்கம் போய்ச் சுருட்டி வைத்த துணியை விரித்துப் பார்த்தாள். மூன்று ஓட்டைகள் இருந்தன, ஒவ்வொன்றும் பொத்தான் அளவு. துணிக்கு வயதானால் இழை இழையாகப் பிரியும், ஓரம் பிசிறும். இவற்றின் ஓரம் கத்தரி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. காலையில் சுருட்டியபோது இவை இல்லை. அவள் டீ குடிக்கப் போன நேரமோ, முதலாளியம்மாவைக் கார் வரை கொண்டுபோய் விட்ட நேரமோ, யாரோ வந்து வெட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

"தூ" என்று வாய்விட்டுச் சொன்னாள். தப்புச் செய்வதில்கூட ஒரு தரம் வேண்டும். செய்துவிட்டுச் சாட்சிக்கு ஓட்டை போடுகிறவனை என்னவென்று சொல்வது?

மகள் பொதி கட்டும் அறையில் இருந்தாள். வெட்டி வந்த பூவின் கீழ் இலைகளை உருவி, பத்துப் பத்தாகக் கட்டுவது அவள் வேலை. அறையில் வேறு யாரும் இல்லை. இருட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டு, கொக்கியையும் ஓட்டையையும் பற்றிச் சொன்னாள். மகள் கையை நிறுத்தவில்லை. இலையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

மகள் அடுத்த தண்டை எடுத்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். தெரியுமா, தெரியாதா?"

"அம்மா, துணி பழசுன்னு ஒத்துக்கோயேன்" என்றாள் மகள். "துணி பழசானா யார் என்ன பண்ண முடியும்? புதுசு வாங்கிட்டுப் போறாங்க. யார் மேலயும் தப்பில்லாம முடிஞ்சு போகும்."

"துணி என் பொறுப்பு. துணி மேல தப்புன்னா என் மேல தப்பு. எனக்குக் குழி, உன் புருஷனுக்கு நாற்காலியா?"

"மேடம் கோபத்துல சொன்னதும்மா. குழிக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க."

"அனுப்பினா?"

மகள் ஒரு கட்டை நூலால் சுற்றி முடிச்சுப் போட்டாள். "மல்லாந்து படுத்துக்கிட்டு எச்சில் துப்பினா யார் மேல விழும்னு நீதானே சொல்லுவே" என்றாள்.

இருட்டம்மாவுக்கு அப்போது மகள் மேலேயே அருவருப்பு வந்தது. பெற்ற பிள்ளை மேல் அப்படி வரக் கூடாது என்று தெரியும், வந்துவிட்டது. மகளின் கழுத்தடியிலும் அந்தச் சென்ட் வாடை லேசாக இருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேடத்தைக் கூடாரத்துக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். "உன் வீட்டுக்காரரையும்தான். நீயும் வந்து நில்லு. என்ன நடக்குதுன்னு உன் கண்ணால பாரு."

"இருட்டுல கண்ணால என்னத்தைப் பாக்கறது" என்றாள் மகள் முணுமுணுப்பாக. பிறகு, "நீ போ, நான் இதை முடிச்சுட்டுப் பின்னாலேயே வர்றேன்" என்றாள்.

ஐந்து மணிக்கு இருட்டம்மா துணியை இழுத்தாள். முதலாளியம்மா நடுப்பாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இருநூற்றுப் பன்னிரண்டு கிளிப்பையும் இருட்டம்மா ஒவ்வொன்றாகப் போட்டாள், அவசரப்படவில்லை. கடைசிக் கிளிப் விழுந்ததும் கூடாரத்துக்குள் யாருக்கும் யாரும் இல்லாமல் போனார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே தன் கை தனக்குத் தெரியவில்லை.

"பத்து நிமிஷம் பொறுங்க மேடம். கண் பழகணும்."

 வியர்வை முதுகில் இறங்கியது. சென்ட் வாடை புழுக்கத்தில் இன்னும் கெட்டியாயிற்று. அவன் ஒரு தடவை தொண்டையைச் செருமினான்; இருட்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்போ மேக்குப் பக்கம் பாருங்க."

மேற்கில் மூன்று பொட்டு வெளிச்சம் தெரிந்தது.

"ஓட்டை இருக்கே" என்றாள் முதலாளியம்மா.

"இருக்கு மேடம். எழுந்து அங்க போங்க, பாதை நேரா போகுது, இடிச்சுக்க மாட்டீங்க. அந்த ஓட்டைக்குக் கீழே இருக்கற செடியோட நுனியைத் தொட்டுப் பாருங்க."

செருப்புச் சத்தம் மேற்கே போயிற்று. இலை உரசும் சத்தம் கேட்டது.

"மொட்டு இருக்கு" என்று முதலாளியம்மாவின் குரல் வந்தது. "நிறைய இருக்கு."

"ஓட்டை அங்க இருக்கு, பச்சை இங்க நடுவுல இருக்கு. முப்பது நாளா அங்க வெளிச்சம் விழுந்திருந்தா அந்தச் செடி மொட்டு வெச்சிருக்காது மேடம். ஓட்டை இன்னிக்குப் போட்டது. நடுவுல குழாயில கொக்கி இருக்கு. யாரோ தினமும் ராத்திரி உள்ள வந்து விளக்கு மாட்டியிருக்காங்க."

 முதலாளியம்மா முட்டாள் இல்லை. இரண்டு சாவிதான் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் நேராக அவனைக் கேட்கவில்லை. குடும்பத்துக்குள் யார் யாரைக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க நினைத்தாளோ என்னவோ.

"யாருன்னு நீயே சொல்லு" என்றாள் இருட்டிலிருந்து. "நீ சொல்றதை நான் எடுத்துக்கறேன். இல்லை, துணிதான் காரணம்னு சொன்னாலும் எடுத்துக்கறேன். இத்தோட முடிச்சுடலாம்."

இருட்டம்மா வாயைத் திறந்தாள். அப்போது ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

ஈரமான கை. அவள் விரல்களைச் சேர்த்து இறுக்கிப் பிடித்து, ஒரு தரம் அழுத்தியது. வேண்டாம் என்று சொல்வது போல மறுபடியும் அழுத்தியது. மகள் வந்துவிட்டாள் என்று நினைத்தாள். பூத்தண்டை அலசி அலசி அவள் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். சின்ன வயதில் கரண்டு போனால் இப்படித்தான் வந்து கையைப் பிடித்துக்கொள்வாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். இருட்டம்மாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. மத்தியானம் மகள் மேல் வந்த அருவருப்பை நினைத்து வெட்கப்பட்டாள். போகட்டும், குழிதானே. மூக்கில் துணி கட்டிக்கொண்டால் ஆயிற்று. தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டால் ஆயிற்று. அவளும் அந்தக் கையைத் திருப்பி அழுத்தினாள்.

"மேடம், துணி..." என்று ஆரம்பித்தாள்.

வாசலில் வெளிச்சம் வராதபடி இரண்டாகக் கட்டிய திரை விலகும் சத்தம் கேட்டது.

"அம்மா" என்று மகளின் குரல் வாசலிலிருந்து வந்தது. "எங்க இருக்கீங்க எல்லாரும்? ஒண்ணுமே தெரியலையே."

பிடித்திருந்த கை அசையாமல் நின்றது.

இருட்டம்மா கையை உதறினாள். உதறிய வேகத்தில் பக்கத்துச் செடி ஒடிந்தது. கம்பளிப்பூச்சி ஏறிய மாதிரி முழங்கை வரை ஊர்ந்தது.

"மாப்பிள்ளைதான் மேடம்" என்றாள். குரல் கிரீச்சிட்டது. "தினமும் வந்திருக்கார். நான் பூட்டிட்டுப் போனதுக்கு அப்புறம், அவர்கிட்ட இருக்கற சாவியைப் போட்டு. ஓட்டை போட்டதும் அவர்தான். இப்போ இருட்டுல என் கையைப் பிடிச்சு, சொல்லாதேன்னு அமுக்கறார். கேளுங்க, இல்லைன்னு சொல்லட்டும்."



"உண்மையா?" என்றாள் முதலாளியம்மா.

"உண்மைதான் மேடம்" என்றான் அவன்.

"எதுக்கு வந்தே?"

 இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் பேசாமல் நின்றான். சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னாள்.  பாதையில் தடவித் தடவி வாசலுக்குப் போகும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

மருந்து கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. இருட்டம்மா அங்கே நின்று சோப்புப் போட்டுக் கை கழுவினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, முழங்கை. கழுவி முடித்துவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தாள். அவன் பிடித்தது அருவருப்பு என்றால், அவள் திருப்பி அழுத்தினாளே, அது அதைவிட அருவருப்பு.

மகள் வந்து பக்கத்தில் நின்றாள். அழுதிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"மத்தியானம் கேட்டேனே. இலையைத்தானே உருவிக்கிட்டு இருந்தே."

"நான்தாம்மா அவரை அனுப்பினேன்."

இருட்டம்மா குழாயை மூடவில்லை. "எதுக்கு?"

"கிளிப்பெல்லாம் போட்டிருக்கான்னு பாக்க. விளக்கை நடுவுல மாட்டிட்டு, நாலு பக்கமும் ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துட்டு வருவார். ஒரு மணி நேரம் ஆகும். அந்த வெளிச்சம் செடியை இவ்வளவு பண்ணும்னு அவர் நினைக்கலை."

"நாலு வருஷமா சூப்பர்வைசர். நினைக்கலையாம்" என்றாள் இருட்டம்மா. "நான் போட்ட கிளிப்பைப் பார்க்க அவன் யார்? பதினோரு வருஷத்துல ஒரு நாள் தப்பியிருக்கேனா?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"போன மாசம், துணி கட்ட ஆரம்பிச்ச நாலாம் நாள். அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்கு வந்தியே, பையில பழம் வாங்கிட்டு."

"வந்தேன். அதுக்கென்ன?"

"அஞ்சு மணிக்கும்மா. அஞ்சு மணிக்கு நீ எங்க வீட்டுல இருந்தே. அவர் போய்ப் பார்த்தா துணி இழுக்காம அப்படியே கிடந்தது. அவரே இழுத்து, அவரே கிளிப் போட்டுட்டு வந்தார். அம்மாகிட்ட சொல்லாதே, மனசு உடைஞ்சு போயிடுவாங்கன்னார். அன்னிலேருந்துதான் தினமும் போறார்."

பொய் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இந்த முகத்தை அது பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறாள். பொய் சொன்னால் மூக்கு விடைக்கும். இப்போது விடைக்கவில்லை. அன்றைய தினத்தை நினைத்துப் பார்த்தாள். பழக்கடை ஞாபகம் வந்தது, பழத்தை அழுத்திப் பார்த்ததும் கடைக்காரன் முறைத்ததும் ஞாபகம் வந்தது. துணியை இழுத்தது ஞாபகம் வரவில்லை. ஆனால் எந்த நாள் இழுத்ததும்தான் தனியாக ஞாபகம் இல்லை. எல்லா நாளும் ஒரே நாளாக இருந்தது.

"உள்ளே மேடம் ரெண்டு தடவை கேட்டாங்களே, எதுக்கு வந்தேன்னு" என்றாள் மெதுவாக. "இதைச் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தா நான்தானே குழிக்குப் போயிருப்பேன்."

"அதான் சொல்லலைபோல" என்றாள் மகள்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இருட்டம்மா கையிலிருந்த சோப்பைப் பார்த்தாள். சிவக்கச் சிவக்கத் தேய்த்த கை எரிந்தது. காது குடைகிறவன், காறுகிறவன், ஓட்டை போட்டவன் எல்லாம் அவன்தான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவளுக்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது. யாரை நினைத்து என்றுதான் தெரியவில்லை.

குழாயை மூடினாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்குத் துணி இழுத்துட்டேன்ல?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

"நீதாம்மா இழுத்தே" என்றாள் மகள். "நாங்க எல்லாரும் உள்ளேதானே இருந்தோம்."